எடை கூடிய ஆளை அடித்தால்தான் பெரிய வீரரா? 3 கிலோவுக்காக மேரி கோம் பட்ட பாடு!

ஜவ்வாது மலை--

போளூரில் இருந்து ஜமுனாமரத்தூருக்கு பஸ் ஏறியவர்களுக்கு ஒரு விஷயம் தெரியும்.

சமவெளியில் "ஜம்" என்று பறந்து வந்த பஸ், மலைப் பாதை தொடங்கியதும் முக்க ஆரம்பித்துவிடும். டிரைவர் கியரைக் குறைப்பார். கொண்டை ஊசி வளைவில் என்ஜின் உறுமும். வேகம் பாதியாகிவிடும்.

அதே பஸ். அதே என்ஜின். அதே டிரைவர். ஆனால் ஏறுவது மேடு!

குத்துச் சண்டையிலும் இதே கதைதான். தன் எடைப் பிரிவில் புயல் மாதிரி சுழன்ற வீரர், ஒரு படி மேலே ஏறி, தன்னைவிடக் கனமான ஆளுடன் மோதும்போது மூச்சு வாங்குகிறது. அடித்த குத்து எடுபடுவதில்லை. வாங்கிய குத்து இறங்குகிறது.

அப்படி இருந்தும் வீரர்கள் ஏன் ஏறுகிறார்கள்? ஏறினால்தான் பெரிய வீரரா?

டீக்கடை பெஞ்சுகளில் இந்த வாதத்துக்குப் பஞ்சமே இல்லை.

"அண்ணே, தன் சைசு ஆளை அடிக்கிறது என்ன பெரிய விஷயம்? பெரிய ஆளை அடிச்சாத்தானே வீரம்?" என்பார் ஒருவர்.

"அட போப்பா! மளிகைக் கடையிலே அரைக் கிலோ கல்லுக்கு ஒரு கிலோ சரக்கு நிறுப்பியா? தராசுன்னு ஒண்ணு எதுக்கு இருக்கு?" என்பார் இன்னொருவர்.

இரண்டு பேர் சொல்வதிலும் நியாயம் இருக்கிறது. எது எவ்வளவு நியாயம் என்பதுதான் கேள்வி.

குத்து எங்கிருந்து வருகிறது?

குத்து கையில் இருந்து வருகிறது என்று பலர் நினைக்கிறார்கள். அது தவறு.

கால் தரையை உதைக்கிறது. இடுப்பு திரும்புகிறது. தோள் வழியாக உடம்பின் எடை முஷ்டிக்கு வந்து சேருகிறது. அதனால்தான் கனமான ஆளின் குத்து கனமாக விழுகிறது.

அது மட்டுமல்ல. கனமான ஆளுக்குப் பெரும்பாலும் உயரம் கூடுதல். கை நீளமும் கூடுதல். அவர் எட்டி நின்றே அடித்துவிடலாம். சிறிய ஆள் உள்ளே புகுந்துதான் அடிக்க வேண்டும். உள்ளே புகுந்தால், பெரிய ஆள் கட்டிப் பிடித்து மேலே சாய்ந்துவிடுவார். அந்தப் பாரத்தைச் சுமந்தே சிறிய ஆளின் கால் ஓய்ந்துவிடும்.

"நாமும் சாப்பிட்டு எடையைக் கூட்டிக் கொள்ளலாமே?" என்று கேட்கலாம்.

கூட்டலாம். ஆனால் கூடுவது சதையா, கொழுப்பா என்பதுதான் விவகாரம். கொழுப்பு கூடினால் தராசு மட்டும்தான் சந்தோஷப்படும். கால் மந்தமாகிவிடும். உரம் ஏறிய உடம்பாகக் கூட்ட மாதக் கணக்கில், சிலருக்கு வருடக் கணக்கில் பாடுபட வேண்டும்.

இன்னொரு மலையில் பிறந்த பெண்

இந்தப் பாட்டை நம் நாட்டில் பட்டுக் காட்டியவர், மணிப்பூரைச் சேர்ந்த மேரி கோம்.

அவரும் மலை மாவட்டத்துப் பெண்தான். சூரசந்த்பூர் மாவட்டத்தில் கோம் என்ற பழங்குடியில் பிறந்தவர். பெற்றோர் விவசாயக் கூலிகள். வீட்டு வேலையும் வயல் வேலையும் செய்து வளர்ந்தவர். 1998-ல் பாங்காக் ஆசிய விளையாட்டுப் போட்டியில் அதே மணிப்பூரைச் சேர்ந்த டிங்கோ சிங் தங்கம் வென்றதைப் பார்த்து குத்துச் சண்டைக்கு வந்தார்.

உயரம் 5 அடி 2 அங்குலம்தான். எடையும் குறைவு.

2002-ல் 45 கிலோ பிரிவில் முதல் முறையாக உலகச் சாம்பியன் ஆனார். 2005, 2006, 2008 ஆகிய ஆண்டுகளில் 46 கிலோ பிரிவில் உலகச் சாம்பியன். 2010-ல் 48 கிலோ பிரிவில் உலகச் சாம்பியன்.

மொத்தம் 5 உலகத் தங்கம்! நடுவில் 2007-ல் இரட்டைக் குழந்தைகளுக்குத் தாயும் ஆனார். தாயான பிறகு வென்ற தங்கங்களும் இந்த ஐந்தில் அடக்கம்.

ஒலிம்பிக்கில் வந்த சோதனை

2012-ல் லண்டன் ஒலிம்பிக். பெண்கள் குத்துச் சண்டை ஒலிம்பிக்கில் சேர்க்கப்பட்ட முதல் ஆண்டு அது.

மேரி கோமுக்கு வயிற்றில் பால் வார்த்த செய்திதான். ஆனால் கூடவே ஒரு குண்டும் விழுந்தது.

ஆண்களுக்கு 10 எடைப் பிரிவுகள். பெண்களுக்கு மூன்றே மூன்று! 51 கிலோ, 60 கிலோ, 75 கிலோ. அவ்வளவுதான்.

மேரி கோமின் 48 கிலோ பிரிவு பட்டியலிலேயே இல்லை.

ஒன்று, ஒலிம்பிக்கை டி.வி.யில் பார்க்க வேண்டும். இல்லாவிட்டால், 51 கிலோவுக்கு ஏற வேண்டும். மேரி கோம் ஏறினார்.

3 கிலோதானே என்று தோன்றலாம். 48-ல் 3 என்றால் பதினாறில் ஒரு பங்கு. அந்த உடம்புக்கு அது பெரிய பாரம்.

அதிலும் ஒரு வேடிக்கை. மேல் எடையில் இருந்தவர்களில் சிலர், இன்னும் மேலே இருந்து இறங்கி வந்தவர்கள். 54 கிலோ பிரிவில் 2008-ல் உலகச் சாம்பியனாக இருந்த போலந்து வீராங்கனை கரோலினா மிகால்சுக்கும் ஒலிம்பிக்குக்காக 51 கிலோவுக்கு வந்துவிட்டார். மேலே இருந்தவர் இறங்கி வர, கீழே இருந்தவர் ஏறிப் போக, நடுப் படியில் முட்டல்!

கனமான குத்தை வாங்கிப் பழக வேண்டும் என்பதற்காக மேரி கோம் ஆண்களுடன் மோதிப் பயிற்சி எடுத்தார். எடையை ஏற்ற வேண்டும். ஆனால் வேகம் குறையக் கூடாது. கத்தி மேல் நடக்கிற வேலை.

லண்டனில் நடந்தது என்ன?

2012 ஆகஸ்ட் 5-ந் தேதி. லண்டனில் முதல் சண்டை. எதிரே அதே போலந்துக்காரர் மிகால்சுக். தலை உயரத்தில் வித்தியாசம் பளிச்சென்று தெரிந்தது. ஆனால் மேரி கோம் 19-14 என்ற புள்ளிக் கணக்கில் வென்றார்.

மறுநாள் கால் இறுதி. துனிசியா வீராங்கனை மரூவா ரஹாலியை 15-6 என்று மடக்கினார். வெண்கலம் உறுதியாகிவிட்டது. இந்தியாவுக்குப் பெண்கள் குத்துச் சண்டையில் முதல் ஒலிம்பிக் பதக்கம்!

ஆகஸ்ட் 8-ந் தேதி அரை இறுதி. எதிரே இங்கிலாந்தின் நிக்கோலா ஆடம்ஸ். உயரம் கூடுதல். கை நீளமும் கூடுதல். மேரி கோம் உள்ளே புக முயன்றபோதெல்லாம் எட்டி நின்றே தட்டிவிட்டார். 11-6 என்ற கணக்கில் ஆடம்ஸ் வென்றார். அவரே தங்கமும் வாங்கி, பெண்கள் குத்துச் சண்டையில் முதல் ஒலிம்பிக் சாம்பியன் ஆனார்.

48 கிலோ பிரிவு இருந்திருந்தால் மேரி கோம் தங்கம் வாங்கியிருப்பாரா? இந்தக் கேள்வியை ரசிகர்கள் கேட்டுக்கொண்டேதான் இருப்பார்கள்.

ஆனால் ஒன்றைக் கவனிக்க வேண்டும். 5 முறை உலகத் தங்கம் வாங்கியபோது அர்ஜுனா விருதும், பத்மஸ்ரீயும், கேல் ரத்னாவும் கிடைத்தன. ஆனால் தெருவில் போகிறவருக்குப் பெயர் தெரியவில்லை. மேல் எடைக்குப் போய் ஒரு வெண்கலம் வாங்கியதும் நாடு முழுவதும் பெயர் தெரிந்துவிட்டது. 2014-ல் அவர் கதை இந்தி சினிமாவாகவே வந்துவிட்டது.

5 தங்கத்தைவிட ஒரு வெண்கலம் கனமாகிவிட்டது! ஜனங்களின் தராசு அப்படி!

ஏறியவர், திரும்பி இறங்கினார்

51 கிலோவில் அவர் சும்மா இருந்துவிடவில்லை. 2014-ல் இஞ்சியோன் ஆசிய விளையாட்டுப் போட்டியில் அதே எடையில் தங்கம் வென்றார். அந்தப் போட்டியில் குத்துச் சண்டைத் தங்கம் வாங்கிய முதல் இந்தியப் பெண் அவரே.

பிறகு என்ன செய்தார்? மறுபடி 48 கிலோவுக்கு வந்தார்!

2018-ல் டெல்லியில் நடந்த உலகப் போட்டியில் 48 கிலோ பிரிவில் ஆறாவது தடவையாக உலகச் சாம்பியன் ஆனார்.

கணக்குப் போட்டுப் பாருங்கள். அவர் வாங்கிய 6 உலகத் தங்கமும் 45 முதல் 48 கிலோ வரைக்குள்தான். 51 கிலோவில் உலகத் தங்கம் ஒன்றுகூட இல்லை. 2019-ல் ஒரு வெண்கலம்தான்.

அப்படியானால் அவருடைய பெருமை எங்கே இருக்கிறது? சொந்த எடையில் வாங்கிய 6 தங்கத்திலா? அன்னிய எடையில் வாங்கிய ஒரு வெண்கலத்திலா?

ஏறி ஜெயித்தவர்கள்

வெளிநாட்டுத் தொழில்முறை குத்துச் சண்டையில் இந்தக் கேள்வி இன்னும் சூடானது.

1938-ல் அமெரிக்கர் ஹென்றி ஆர்ம்ஸ்ட்ராங், மூன்று எடைப் பிரிவுகளின் உலகப் பட்டங்களை ஒரே சமயத்தில் வைத்திருந்தார். அந்தக் காலத்தில் இருந்ததே 8 பிரிவுகள்தான். கிட்டத்தட்ட பாதிச் சாம்ராஜ்யம் ஒரே ஆளின் கையில்!

பிலிப்பைன்ஸ் நாட்டின் மேனி பாக்கியாவ் 1998-ல் 51 கிலோகூட நிறையாத பிரிவில் முதல் உலகப் பட்டம் வாங்கினார். 2010-ல் ஏறக்குறைய 70 கிலோ பிரிவில் பட்டம் வாங்கினார். மொத்தம் 8 பிரிவுகள்! ஆனால் அதற்கு அவர் எடுத்துக்கொண்டது 12 வருடம் என்பதை மறக்கக் கூடாது. படிப் படியாக ஏறினார். 

2025 செப்டம்பரில் அமெரிக்கர் டெரன்ஸ் கிராபோர்டு 76 கிலோ பிரிவுக்கு ஏறிப் போய், அங்கே கோலோச்சிக் கொண்டிருந்த மெக்சிகோவின் கனேலோ அல்வாரெசைப் புள்ளியில் தோற்கடித்தார். அவர் முதல் பட்டம் வாங்கியது 61 கிலோ பிரிவில், 2014-ல்!

முகமது அலியையே எடுத்துக் கொள்ளலாம். 1960 ரோம் ஒலிம்பிக்கில் அவர் தங்கம் வாங்கியது 81 கிலோ பிரிவில்தான். அதன் பிறகுதான் உச்ச எடைக்குப் போய், 1964-ல் சோனி லிஸ்டனை வீழ்த்தி உலகச் சாம்பியன் ஆனார். 1980-ல் அதே அலி சென்னைக்கு வந்து காட்சிச் சண்டை போட்டதை நேரு ஸ்டேடியத்தில் பார்த்த பெரிசுகள் இன்றைக்கும் கதை கதையாகச் சொல்வார்கள்.

ஏறி விழுந்தவர்கள்

ஆனால் ஏறியவர்கள் எல்லோரும் ஜெயித்துவிடவில்லை.

1952 ஜூன் 25-ந் தேதி. நியூயார்க்கில் திறந்தவெளி மைதானம். கொளுத்தும் வெயில் காலம். நடு எடைச் சாம்பியன் சுகர் ரே ராபின்சன், மேல் எடைச் சாம்பியன் ஜோயி மாக்சிமுடன் மோதினார். மாக்சிம் ஏறத்தாழ 7 கிலோ கூடுதல்.

ரவுண்டுக்கு ரவுண்டு ராபின்சனே முன்னணி. புழுக்கம் தாங்காமல் நடுவரே சோர்ந்துவிட்டார். பத்தாவது ரவுண்டுக்குப் பிறகு அவருக்குப் பதில் வேறு நடுவரை ஏற்றினார்கள்!

கடைசியில் ராபின்சனின் உடம்பும் கைவிட்டது. 13-வது ரவுண்டு முடிந்து ஸ்டூலில் உட்கார்ந்தவரால் எழுந்திருக்க முடியவில்லை. புள்ளியில் முன்னால் இருந்தவர் தோற்றார்! அவரைச் சாய்த்தது எதிரியின் குத்து அல்ல. புழுக்கமும், கூடுதல் பாரத்தைச் சமாளித்த களைப்பும்தான்.

2016-ல் இங்கிலாந்தின் கெல் புரூக் இரண்டு படி தாண்டி, கசகஸ்தானின் கென்னடி கோலோவ்கினுடன் மோதினார். கண்ணைச் சுற்றியுள்ள எலும்பு உடைந்தது. ஐந்தாவது ரவுண்டில் அவருடைய ஆட்களே துண்டை வீசிச் சண்டையை நிறுத்தினார்கள்.

கிராபோர்டிடம் தோற்ற அதே கனேலோ, 2022-ல் 79 கிலோ பிரிவுக்கு ஏறிப் போய் ரஷியாவின் பிவோலிடம் தோற்றவர்தான்.

ஏறாமலே பெரியவர்

இன்னொரு ரகமும் உண்டு. ஏறவே மாட்டேன் என்று உட்கார்ந்தவர்.

அமெரிக்கர் மார்வின் ஹாக்லர். 1980 முதல் 1987 வரை நடு எடைச் சாம்பியன். சாம்பியனாக இருந்த காலம் முழுவதும் அந்த எடையை விட்டு நகரவில்லை. 12 தடவை பட்டத்தைக் காப்பாற்றினார்.

"மேலே போய் யாரையும் அடிக்கவில்லையே" என்று அவரை யாராவது குறைத்துப் பேசுகிறார்களா? இல்லை. ஏன் என்றால், கீழே இருந்த பெரிய பெரிய ஆட்கள் எல்லாம் அவரைத் தேடி ஏறி வந்தார்கள். ராபர்ட்டோ டுரான் வந்தார், தோற்றார். தாமஸ் ஹெர்ன்ஸ் வந்தார், மூன்றாவது ரவுண்டில் சாய்ந்தார். 1987-ல் சுகர் ரே லெனார்டு வந்தார். அவர்தான் பட்டத்தைக் கொண்டு போனார்.

மலை உச்சியில் உட்கார்ந்திருப்பவன் எதற்காக இன்னொரு மலை ஏற வேண்டும்?

இறங்குவதில்தான் ஆபத்து

ஏறுவதைப் பற்றியே பேசுகிறோம். நம் பிள்ளைகளுக்கு நிஜமான ஆபத்து இறங்குவதில் இருக்கிறது.

2024 ஆகஸ்ட் 7-ந் தேதியை யாரும் மறந்திருக்க முடியாது. பாரீஸ் ஒலிம்பிக் மல்யுத்தம். வினேஷ் போகத் 50 கிலோ பிரிவில் இறுதிப் போட்டிக்கு வந்துவிட்டார். அவர் வழக்கமாக மோதி வந்த எடை 53 கிலோ. அந்த இடத்துக்கு வேறு வீராங்கனை தேர்வாகிவிட்டதால் 50-க்கு இறங்கியவர்.

ராத்திரி முழுவதும் தூங்கவில்லை. தண்ணீர் குடிக்கவில்லை. ஓடினார். தலைமுடியையும் வெட்டினார்கள். காலையில் தராசில் ஏறினார்.

100 கிராம் கூடுதல்!

கடையில் காப்பித் தூள் வாங்கும் 100 கிராம். அந்த 100 கிராமுக்காக ஒலிம்பிக் பதக்கமே போய்விட்டது.

மேரி கோமும் 2018-ல் போலந்தில் இதே மாதிரி மாட்டிக்கொண்டார். போட்டி ஊருக்குப் போய் இறங்கியபோது 48 கிலோவைவிட 2 கிலோ கூடுதல். எடை பார்க்க நாலு மணி நேரம்தான் பாக்கி. ஒரு மணி நேரம் விடாமல் கயிறு தாண்டினார். எடை இறங்கியது. தங்கமும் வாங்கினார்.

கேட்பதற்குச் சாகசமாக இருக்கிறது. ஆனால் அது 20 வருடப் பழக்கம் உள்ள உடம்பு. பள்ளிக்கூடப் பையன் செய்தால் ஆஸ்பத்திரிதான். தண்ணீர் வற்றிய உடம்போடு மேடை ஏறினால், தலையில் விழும் குத்து பல மடங்கு ஆபத்து.

மலைப் பிள்ளைகளுக்கு என்ன பாடம்?

ஜவ்வாது மலையில் பழங்குடிப் பிள்ளைகள் தங்கிப் படிக்கும் அரசு உண்டு உறைவிடப் பள்ளிகள் இருக்கின்றன. சாமை விளையும் பூமி. தலைச் சுமையோடு மேடு ஏறி இறங்கும் ஜனங்கள். மூச்சுக்கும் காலுக்கும் குறைவில்லை.

மணிப்பூர் மலையில் ஒரு மேரி கோம் வந்தால், இந்த மலையிலும் ஒரு பிள்ளை வரலாம். நிச்சயம் வரலாம்.

அப்படி ஒரு பிள்ளை கிளவுஸ் மாட்டும்போது என்ன நடக்கும்? "உன் எடையிலே ஏற்கெனவே ஆள் இருக்குது, நீ மேலே போ" என்பார் ஒருவர். "கீழே இறங்கினா லேசா ஜெயிச்சுடலாம், ரெண்டு நாள் சாப்பிடாதே" என்பார் இன்னொருவர். வளரும் வயசில் இரண்டுமே விஷப் பரீட்சை.

முதலில் சொந்த எடையில் நிற்க வேண்டும். எலும்பு முற்றி, உடம்பு தானாக வளர்ந்தால் பிரிவும் தானாக மாறும். அசாமைச் சேர்ந்த லவ்லினா 2021 டோக்கியோ ஒலிம்பிக்கில் 69 கிலோவில் வெண்கலம் வாங்கினார். அந்தப் பிரிவை எடுத்துவிட்டதால் 75-க்கு ஏறினார். அவசரப்படாமல் உடம்பை உரமாக்கிக் கொண்டார். 2023-ல் டெல்லியில் 75 கிலோவில் உலகச் சாம்பியன் ஆகிவிட்டார். மறு ஆண்டு பாரீஸ் ஒலிம்பிக்கில் கால் இறுதியோடு திரும்பினார். ஏற்றம் என்றால் இறக்கமும் உண்டு.

தீர்ப்பு என்ன?

டீக்கடை வாதத்துக்கு வருவோம். பெரிய ஆளை அடித்தால்தான் வீரமா?

பெரிய ஆளை அடிப்பது வீரம்தான். சந்தேகமே இல்லை. ஆனால் அது சோறு மாதிரி அல்ல, சோற்றோடு வைக்கிற அப்பளம் மாதிரி. இருந்தால் ருசி. இல்லை என்பதற்காக யாரும் பட்டினி கிடக்க மாட்டார்கள்.

தன் எடையில் எதிரே வந்த அத்தனை பேரையும் ஜெயித்தவர், அங்கே ஆள் இல்லாமல் மேலே ஏறினால் அது அழகு. வேறு வழியே இல்லாமல், இருந்த ஒரே கதவும் மேல் மாடியில் இருந்ததால் ஏறினாரே மேரி கோம், அது அதைவிட அழகு. ஊர் பேச்சுக்காகவும் பணத்துக்காகவும் இரண்டு படி தாவி எலும்பை உடைத்துக் கொள்வதில் பெருமை ஒன்றும் இல்லை.

1952-ல் தோற்ற சுகர் ரே ராபின்சனைத்தான் இன்றைக்கும் பலர் உலகத்தின் தலைசிறந்த குத்துச் சண்டை வீரர் என்கிறார்கள். அன்றைக்கு ஜெயித்த மாக்சிமின் பெயர் எத்தனை பேருக்குத் தெரியும்?

ஜமுனாமரத்தூர் பஸ் மெதுவாகத்தான் மலை ஏறுகிறது. அதற்காக அதை மட்டமான பஸ் என்று யாரும் சொல்வதில்லை. கியரைப் பார்த்துப் போட்டு, பிரேக்கைப் பார்த்து மிதித்து, ஏற்றிய ஜனங்களைப் பத்திரமாக இறக்கிவிட்டுத் திரும்புகிறது.

வீரனுக்கும் அதுதான் முக்கியம். ஏறத் தெரிய வேண்டும். முழுசாகத் திரும்பி வரவும் தெரிய வேண்டும்!